மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. அவருக்கு நெடுங்காலமாக ஹெபடைடிஸ் பி தொற்று உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் சிரோசிஸ் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அல்ட்ராசவுண்ட் எடுத்து வருகிறோம். சென்ற முறை ஒன்றுமில்லை என்றார்கள். இந்த முறை சிறு கட்டி தெரிகிறது என்று எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கையில், “14 மி.மீ. முடிச்சு, தமனிக் கட்டத்தில் மிளிர்கிறது, பிந்தைய கட்டங்களில் மங்கவில்லை, உறை இல்லை, எல்.ஆர்.-3, 3 முதல் 6 மாதத்தில் மறுபரிசோதனை” என்று எழுதியிருக்கிறது. புற்றுநோயா இல்லையா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பது? இதற்கிடையில், அப்பாவின் படங்களை ஓர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள ஒப்புதல் கேட்டு ஒரு படிவத்தையும் நீட்டினார்கள். அவரைச் சோதனைப் பொருளாக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

“கையைக் கட்டிக்கொண்டு” என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் உங்கள் வேதனை முழுவதும் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். கல்லீரல் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவதையும், அந்தப் படங்கள் எந்த அளவுக்கு உண்மை சொல்கின்றன என்று ஆராய்வதையும் தொழிலாகக் கொண்ட கதிரியக்க மருத்துவன் நான். அந்த அறிக்கையின் கடைசி வரியில் இருக்கும் 3 முதல் 6 மாத இடைவெளி, பரிசோதனையின் ஒரு பகுதி. முதல் பாதியை உங்கள் தந்தையார் முடித்துவிட்டார். இரண்டாம் பாதி இன்னும் நடக்கவில்லை. அவருடைய படங்களை நான் பார்க்காததால் அவருக்கு இருப்பது இன்னதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல இயலாது. ஆனால் அந்த அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது, ஏன் அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதை விளக்க முடியும்.

கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. குடலிலிருந்து சத்துகளைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை ஏறத்தாழ முக்கால் பங்கையும், கல்லீரல் தமனி மீதிக் கால் பங்கையும் கொடுக்கின்றன. சிரோசிஸால் தழும்பேறிய கல்லீரலில் எங்கு பார்த்தாலும் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை, சேதத்தைச் சரிசெய்யும் முயற்சியில் கல்லீரல் தானே உண்டாக்கிக்கொண்ட தீங்கற்ற முடிச்சுகள். அவற்றில் ஒன்று படிப்படியாகப் புற்றாக மாறும்போது, போர்ட்டல் சிரையோடு அதற்கு இருந்த தொடர்பு குறைந்துகொண்டே வர, தமனியிலிருந்து புதிய கிளைகளை இழுத்துக்கொண்டு அது வளர்கிறது. இரத்தம் வரும் வழி மாறுகிறது என்ற இந்த ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் கல்லீரல் புற்றுநோயைப் படத்தில் கண்டறியும் கலை முழுவதும் நிற்கிறது.

உங்கள் தந்தையாரின் கையில் ஊசி வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியதும், மூச்சை அடக்கச் சொல்லிப் பலமுறை படம் எடுத்திருப்பார்கள். ஒரே இடத்தை ஏன் இத்தனை முறை எடுக்கிறார்கள் என்று பலரும் சலித்துக்கொள்வதுண்டு. மருந்து முதலில் தமனி வழியாக வருகிறது. அரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டிய நேரத்தில் எடுக்கும் தமனிக் கட்டப் படத்தில், தமனி இரத்தத்தை மிகுதியாகக் குடிக்கும் முடிச்சு மட்டும் சாம்பல் நிறப் பின்னணியில் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்போது போர்ட்டல் சிரை வழியாக மருந்து நிறைந்து கல்லீரல் முழுவதும் வெளுக்கும். புற்றாக மாறிய முடிச்சு அப்போது தன்னைச் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கருத்துத் தெரியத் தொடங்கும். இதைத்தான் வாஷ்அவுட் என்கிறோம், உங்கள் அறிக்கை ‘மங்குதல்’ என்கிறது. அதற்குப் பின்னரும் சில நிமிடங்கள் கழித்துப் பிற்கட்டப் படங்கள் எடுக்கப்படும். முதலில் பளிச்சிட்டுப் பின்னர் மங்குவதும், முடிச்சைச் சுற்றி மெல்லிய வெண்ணிற உறை தெரிவதும், குறுகிய காலத்தில் பருமன் கூடுவதும் நாங்கள் தேடும் முக்கிய அடையாளங்கள்.

உங்கள் தந்தையாருக்கு இவற்றில் முதல் அடையாளம் மட்டுமே இருக்கிறது. பளிச்சிடுகிறது, மங்கவில்லை, உறை இல்லை, முந்தைய எம்.ஆர்.ஐ. எதுவும் இல்லாததால் வளர்ந்ததா என்று ஒப்பிட வழியும் இல்லை. இருபது மில்லிமீட்டருக்குக் குறைவான ஒரு முடிச்சு இந்த நிலையில் இருந்தால் அதை எல்.ஆர்.-3 என்று வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. லை-ராட்ஸ் எனப்படும் அந்த விதித் தொகுப்பை அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011-இல் முதன்முதலாக வெளியிட்டது. இடையே பலமுறை திருத்தப்பட்டு 2018-இல் வந்த பதிப்பு பரவலாகப் பயன்படுகிறது. சிரோசிஸ் உள்ளவர்கள், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் போன்ற, புற்றுநோய் வாய்ப்பு கூடியவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். எல்.ஆர்.-1 என்றால் ஐயமின்றித் தீங்கற்றது, எல்.ஆர்.-5 என்றால் ஐயமின்றிக் கல்லீரல் புற்றுநோய். மூன்று என்பது நட்ட நடுவில் நிற்கும் எண். லை-ராட்ஸ் வருவதற்கு முன்னெல்லாம் இத்தகைய முடிச்சை ஒருவர் “சந்தேகத்துக்குரியது” என்றும், இன்னொருவர் “கவனிக்கத்தக்கது” என்றும், மூன்றாமவர் “புற்றுநோயை ஒதுக்க முடியாது” என்றும் எழுதுவோம்; படிக்கும் மருத்துவருக்கு இந்த மூன்றும் ஒன்றா வேறா என்று புரியாது. எல்லோரும் ஒரே பொருளில் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே அந்த எண்கள் வந்தன.

எண்ணைச் சொல்லி நிறுத்தினால் உங்கள் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எல்.ஆர்.-5 என்று எழுதப்பட்டவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவையும், எல்.ஆர்.-4 என்று எழுதப்பட்டவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கும், எல்.ஆர்.-3 என்று எழுதப்பட்டவற்றில் மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டிய பங்கும் கல்லீரல் புற்றுநோயாக முடிந்தன. இந்தக் கடைசிக் கணக்கைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். திசுப் பரிசோதனையோ அறுவைச் சிகிச்சையோ செய்து முடிவு தெரிந்த முடிச்சுகளே இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன; மருத்துவர்கள் அதிகம் சந்தேகப்பட்டவையே அந்த நிலைக்கு வந்திருக்கும். ஆகவே அன்றாட நடைமுறையில் எல்.ஆர்.-3 முடிச்சுகளில் புற்றாவது இதைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அது புறக்கணிக்கக்கூடிய அளவும் இல்லை. “புற்றுநோயா இல்லையா என்று தெளிவாகச் சொல்லவில்லை” என்று எழுதியிருந்தீர்கள்; அவர்கள் மறைக்கவில்லை. அந்த ஒரு நாளின் படங்களை வைத்து அதற்குமேல் உண்மையாகச் சொல்ல முடியாது.

இந்த வரம்பை நான் பட்டுத்தான் கற்றேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒருவருடைய கல்லீரலின் ஓரத்தில், மேலுறைக்குச் சற்றுக் கீழே, 12 மி.மீ. அளவில் ஒரு வெண்புள்ளியைத் தமனிக் கட்டத்தில் கண்டேன். பின்னர் வந்த எந்தக் கட்டத்திலும் அது தெரியவில்லை. அதை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்காமல், பளிச்சிடலுக்கே முழு மதிப்பும் கொடுத்து, புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதிவிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சிரோசிஸ் உள்ள கல்லீரலில் தமனியின் நுண்கிளை ஒன்று போர்ட்டல் சிரையின் கிளையோடு நேரே இணைந்துவிடுவது உண்டு. அங்கே இரத்தம் குறுக்கு வழியில் பாய்வதால் ஒரு கணம் பளிச்சிட்டு அடங்கும். அதைத்தான் நான் புற்று என்று எழுதியிருந்தேன். அந்த மூன்று மாதத்தை அந்தக் குடும்பம் எப்படிக் கழித்திருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். எல்.ஆர்.-3 முடிச்சுகளில் கணிசமானவை இப்படிப்பட்ட இரத்த ஓட்ட மாறுபாடுகளே.

ஊசி போட்டுப் பார்த்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. மற்றப் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றில் திசு இல்லாமல் சிகிச்சை தொடங்க மாட்டார்கள். கல்லீரல் புற்றுநோய் இதற்கு விலக்கு, புற்றுநோய் வாய்ப்பு கூடியவர்களிடம் படம் உறுதியாக எல்.ஆர்.-5 என்றால் திசு இல்லாமலே சிகிச்சைக்குச் செல்லலாம். உங்கள் தந்தையாரைப் போன்ற நடுநிலை முடிச்சில் பயாப்ஸி செய்தால் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. ஒன்று, 14 மி.மீ. அளவுள்ள, அல்ட்ராசவுண்டில் மங்கலாகத் தெரியும் இலக்கில் ஊசி சரியாக விழாமல் பக்கத்துத் திசுவை எடுத்துவரலாம். விழுந்தாலும், புற்றாக மாறத் தொடங்கிய முடிச்சுக்கும் மாறாத முடிச்சுக்கும் நுண்ணோக்கியில்கூட எல்லைக் கோடு தெளிவாக இருக்காது. அப்படி வரும் “புற்று இல்லை” என்ற முடிவை நம்பித் தொடர் பரிசோதனையைக் கைவிடுவது, பரிசோதனை செய்யாமல் இருப்பதைவிட ஆபத்தானது. மற்றொன்று, சிரோசிஸ் உள்ளவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும், இரத்தம் உறைவதும் தடுமாறும். இரத்தக் கசிவு ஒரு அபாயம். புற்றாக இருந்தால் ஊசி சென்ற தடத்தில் அதன் அணுக்கள் சிந்திவிடுவதும் சிறு அளவில் நடக்கிறது. 2008-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு அதை 2.7 விழுக்காடு என்று கணக்கிட்டது. பயாப்ஸி கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முடிச்சின் விளிம்பு மட்டும் வளையம்போல் மிளிர்ந்தால், அது கல்லீரல் அணுக்களில் தோன்றாத வேறு வகைப் புற்றாக இருக்கலாம். அப்போது திசு பெரும்பாலும் தேவைப்படும். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை.

இனி, காத்திருப்பதால் காலம் கைமீறிப் போய்விடாதா என்ற அச்சம். கல்லீரல் புற்றுநோயின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாக நான்கைந்து மாதங்கள் ஆகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கோளத்தின் கன அளவு இரட்டிப்பானால் அதன் விட்டம் ஏறத்தாழ கால் பங்குதான் கூடும். அதாவது, மோசமான முடிவையே வைத்துக்கொண்டு இது புற்றுதான் என்று எண்ணினாலும், சராசரி வேகத்தில் நான்கைந்து மாதம் கழித்து 14 மி.மீ. முடிச்சு 17 அல்லது 18 மி.மீ. ஆகியிருக்கும். இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒற்றை முடிச்சாக இருக்கும் கட்டம் மிக ஆரம்ப நிலை. ஊசி வழியே வெப்பம் செலுத்தி எரித்து அழிக்கும் அப்லேஷன் உள்ளிட்ட, குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சைகள் அப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். சராசரியைவிட வேகமாக வளர்பவையும் உண்டு. ஆகவே 3 முதல் 6 மாதம் என்றால் மூன்றுக்கு அருகில் செய்துகொள்வதே என் விருப்பம். முடிவு, அவருடைய இரத்தப் பரிசோதனைகளையும், கல்லீரல் புற்றில் இரத்தத்தில் கூடக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவையும் முழுமையாக அறிந்த கல்லீரல் மருத்துவருடையது.

அடுத்த படம் பல திசைகளில் முடிவைத் திறக்கும். புள்ளி மறைந்துவிட்டால் அது இரத்த ஓட்ட மாறுபாடு. அப்படியே இருந்தால் கண்காணிப்பு தொடரும். பிற்கட்டத்தில் மங்கத் தொடங்கியிருந்தால், பருமன் மாறாவிட்டாலும் அது எல்.ஆர்.-5 ஆகிவிடும். ஆறு மாதத்துக்குள் விட்டம் பாதியளவு கூடி 21 மி.மீ.யை எட்டினாலும் அப்படியே. இன்று ஒரு புள்ளியாக இருக்கும் தகவல் அன்று ஒரு கோடாக மாறுகிறது, அதன் போக்கைப் பார்த்துத்தான் எங்களால் உறுதியாகப் பேச முடியும்.

சென்ற முறை அல்ட்ராசவுண்டில் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்காமலே உள்ளூர வருந்தியிருப்பீர்கள். சிரோசிஸ் கல்லீரல் முழுவதும் கரடுமுரடாக ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அதில் சிறு முடிச்சைப் பிரித்தறிவது கடினம். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் பாதிக்கு மேற்பட்டவை தனி அல்ட்ராசவுண்டுக்குத் தப்பிவிடுகின்றன, ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால் கண்டுபிடிக்கப்படுபவை மூன்றில் இரண்டு பங்கை நெருங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுக்கச் சொல்வது, ஒருமுறை தப்பியது மறுமுறை சிக்கட்டும் என்பதற்காகவே. நீங்கள் தவறாமல் அழைத்துப் போனதால்தான் அது 14 மி.மீ.யில் தெரிந்தது.

ஆராய்ச்சிப் படிவத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் மேலே நான் சொன்ன ஆய்வுக் கணக்குகள் எல்லாம் உங்கள் தந்தையாரைப் போன்ற நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்தவைதான்.

எங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நோய்க்கூற்றியல் அறையில் நடப்பது. மாற்று அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட பழைய கல்லீரலை, எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்ட அதே தளத்தில், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக நோய்க்கூற்றியல் மருத்துவர் வெட்டி வரிசையாக அடுக்குவார். பக்கத்துத் திரையில் நான் அந்தந்தத் துண்டுக்குரிய படத்தைத் திறந்து வைத்திருப்பேன். தவிட்டு நிற முடிச்சுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வெளிறியோ, பித்தம் தேங்கிப் பச்சை படர்ந்தோ, வெட்டிய பரப்பிலிருந்து சற்றுப் பிதுங்கி நிற்கும். நான் எல்.ஆர்.-5 என்று குறித்த இடத்தில் அது இருக்கிறதா? நான் ஒன்றுமில்லை என்று விட்ட இடத்தில் ஒன்று ஒளிந்திருக்கிறதா? பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும் அந்த வேலைதான் ‘மங்குதல்’ என்ற நிழலுக்குப் பொருளைக் கொடுத்தது. ஒரே படத்தைப் பெயரும் முடிவும் தெரியாமல் இரண்டு மூன்று மருத்துவர்கள் தனித்தனியே படித்து, எத்தனை முறை ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடுவதும் இதில் அடங்கும். நிபுணர்களே ஒத்துப்போகாத ஓர் அடையாளத்தை நம்பி ஒருவருடைய வயிற்றைத் திறக்கக் கூடாது அல்லவா?

இதே வழியில்தான் இன்று ஊசி இல்லாமலே கல்லீரலின் இறுக்கத்தை அளக்க முடிகிறது. முன்பு தழும்பேற்றத்தை அறியப் பயாப்ஸி ஒன்றே வழி. அதில் வெளிவரும் நூல்போன்ற துண்டு, முழுக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்குதான். விலா எலும்பின் மேல் ஓர் அதிர்வுத் தட்டை வைத்து, அந்த அலை கல்லீரலுக்குள் பரவும் விதத்தை எம்.ஆர்.ஐ.யால் படமெடுக்கும் எலாஸ்டோகிராஃபி முறைக்கு, மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராஜா முத்துப்பிள்ளை, ரிச்சர்ட் எஹ்மன் உள்ளிட்டோர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அடித்தளமிட்டது. தழும்பேறிய இறுகிய கல்லீரலில் அலை வேகமாகவும் நீளமாகவும் ஓடும். அதுவும் படத்தையும் திசுவையும் அருகருகே வைத்துப் பலமுறை ஒப்பிட்ட பிறகே சிகிச்சை அறைக்கு வந்தது.

உங்களிடம் கேட்டிருப்பது, ஏற்கெனவே எடுத்த படங்களையும் இனி வரும் படங்களையும் பெயர் நீக்கி ஆராய அனுமதிதானா, அல்லது சிகிச்சைக்குத் தேவைப்படாத கூடுதல் ஸ்கேனோ கூடுதல் மருந்தோ இரத்த மாதிரியோ அதில் அடங்குமா என்பதைப் படிவத்தில் தேடிப் படியுங்கள். முதல் வகை என்றால் உங்கள் தந்தையாரின் உடலுக்கு எந்தப் புதிய சுமையும் இல்லை. படக் கோப்பில் பதிந்திருக்கும் பெயர், பிறந்த தேதி, பதிவு எண் ஆகியவற்றை எப்படி நீக்குவார்கள், யார் யாரோடு பகிர்வார்கள், கணினி நிரல்களைப் பயிற்றுவிக்கக் கொடுப்பார்களா என்று கேட்டு விடை பெறுங்கள். இரண்டாம் வகை என்றால் அந்தக் கூடுதலால் வரும் அபாயத்தையும் கேளுங்கள். எந்த வகையானாலும் மறுக்கலாம், பின்னர் விலகலாம். அதனால் சிகிச்சையில் துளியும் குறை வரக் கூடாது, அது எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட வேண்டியவர் அவர். அவருக்குப் படித்துக் காட்டி, அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.

கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றிச் சுருக்கமாக: எம்.ஆர்.ஐ.யில் செலுத்துவது கடோலினியம் சேர்ந்த மருந்து. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குத் தோலும் தசையும் இறுகும் ஒரு கொடிய நோயோடு அதற்குள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது. அதன் பிறகு சிறுநீரகச் செயல்பாட்டைக் கவனித்தும், பாதுகாப்பான வகை மருந்துகளைத் தேர்ந்தும் கொடுப்பதால் அது மிக அரிதாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு முறையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையின் அண்மைக் கால அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்குமுன் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. முதல் எம்.ஆர்.ஐ.யில் எந்த மருந்து செலுத்தினார்கள் என்று அறிக்கையில் பாருங்கள். இந்த மருந்துகளில் ஒரு வகை இரத்தத்தோடு மட்டும் சுற்றி வெளியேறிவிடும். இன்னொரு வகையைக் கல்லீரல் அணுக்களே உள்ளிழுத்துக்கொள்ளும், இருபது நிமிடம் கழித்தும் படம் எடுப்பார்கள். மங்குதலை எந்தக் கட்டத்தில் கணக்கில் கொள்ளலாம் என்பதே மருந்துக்கு மருந்து மாறும். சென்ற முறை ஒன்று, இந்த முறை வேறொன்று என்றால் ஒப்பிடுவது சிக்கலாகும். இயன்றவரை அதே முறை, அதே மருந்து, முடிந்தால் அதே இயந்திரம் என்று கேளுங்கள். மூச்சை அடக்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்து பாருங்கள்: மூச்சை இழுத்து, மெல்ல வெளியே விட்டு, அப்படியே பதினைந்து இருபது வினாடி அசையாமல் நிற்க வேண்டும். தமனிக் கட்டம் ஒரே ஒரு முறைதான் வரும். அப்போது அசைந்துவிட்டால் அந்த முடிச்சைப் பற்றிய மிக முக்கியமான சாட்சியம் கலைந்துபோகும். ஹெபடைடிஸ் பி மாத்திரையை எக்காரணம் கொண்டும் இடையில் நிறுத்த வேண்டாம், மது அறவே வேண்டாம். மஞ்சள் காமாலை, வயிறு உப்பி நீர் கோத்தல், இரத்த வாந்தி, கரும் மலம், தடுமாறும் பேச்சு, திடீர் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக, முதல் எம்.ஆர்.ஐ.யின் குறுந்தகட்டை வாங்கி வையுங்கள். அச்சிட்ட ஃபிலிம் போதாது, முழுப் படக் கோப்பு இருக்க வேண்டும். அடுத்த முறை வேறு இடத்தில் எடுப்பதாக இருந்தால், அதை அறிக்கை வந்த பிறகு கொடுக்காமல், ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதும்படி கேளுங்கள்.